ஆம்பூர்ப் பட்டறையில் தைத்த பூட்ஸ்: யூட்டாவின் பாறை இடுக்குகளில் நடந்து பார்த்தபின் ஒரு மதிப்புரை

ஆம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், எதிரே ஒருவர் வந்தால் நாம் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய ஒரு சந்துக்குள், நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே என் காலுக்கு அளவு கொடுத்துத் தைத்து வாங்கிய, கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் ஒரு ஜோடியைப் பற்றியதே இந்த மதிப்புரை. விலை 5,200 ரூபாய். ஜூலை மாதக் கடைசியில் கைக்கு வந்த அதை இரண்டு மாதத்துக்கு மேல் வேலூர்க் குன்றுகளிலும் பாலாற்று மணலிலும் போட்டுப் பழக்கினேன். அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் ஸ்லாட் கேன்யன்களுக்குள் அதே பூட்ஸோடு நடந்தேன். உலர்ந்த மணலிலும் பாறையிலும் இதைவிட நல்ல காலணியை என் கால் இதுவரை அறிந்ததில்லை. தண்ணீரில் இறங்கி நடக்க இது உதவாது. இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மலையேற்றக் காலணி என்றாலே வெளிநாட்டுப் பெயர் பொறித்ததைத்தான் வாங்க வேண்டும் என்று எங்கள் மாவட்டத்திலேயே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்லாட் கேன்யன் என்பதைப் பாறை இடுக்கு என்று சொன்னால் உடனே விளங்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது தரையில் விழுந்த கீறல் போலத்தான் தெரியும்; உள்ளே இறங்கியவருக்கோ இரு கைகளையும் விரிக்க முடியாத அகலத்தில், பல மாடி உயரத்துக்குச் சுவர்கள் எழும்பி நிற்கும். நான் போன பகுதியில் இருப்பது பெரும்பாலும் நவஹோ மணற்பாறை. ஜுராசிக் காலத்தில், சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்று குவித்த மணல்மேடுகள் புதைந்து இறுகி உண்டான பாறை அது. எப்போதாவது பெய்யும் பெருமழையின் வெள்ளம் மணலையும் கல்லையும் வாரிக்கொண்டு பாறையின் வெடிப்பு வழியே பாயும்போது, அந்த மணலே அரமாகி வெடிப்பை ராவி ராவி ஆழமாக்கிவிடுகிறது. காலணியைப் பற்றி எழுத வந்த இடத்தில் இந்த நிலவியலைச் சொல்வது புவியியல் ஆசிரியனின் பழக்கம் மட்டும் அன்று. பாறையை அறுத்த மணல்தான் காலணியின் தையலையும் அறுக்கிறது. அந்த மணலின் குணம் தெரிந்தால்தான் எந்த பூட்ஸ் அங்கே நிலைக்கும், எது நிலைக்காது என்பது புரியும்.

எனக்கு முன்பாதம் அகலம். வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் வளர்ந்த நம்மில் பலருக்கு விரல்கள் விரிந்த பாதம்தான் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலைக்குப் போவதற்காக ஒரு பெரிய கடையில் 9,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய வெளிநாட்டு பூட்ஸ், நீளத்தில் சரியாக இருந்தும், முதல் நாள் இறக்கத்திலேயே இரு சுண்டுவிரல்களின் நகத்தையும் கறுக்க வைத்தது. ஓர் அளவு கூட்டி வாங்கினால் அகலம் சரியாகும், ஆனால் குதிகால் உள்ளே ஆடும். குதிகால் ஆடுகிற காலணியோடு ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குக் கால் வைப்பது ஆபத்து. ஆகவே, பீனிக்ஸில் இருக்கும் என் தங்கை, "அண்ணா, இந்தத் தடவை வந்தால் கேன்யனுக்குப் போகலாம், நல்ல ஷூ ஒன்று வாங்கி வைத்துக்கொள்" என்று சொன்னபோது, நான் கடைக்குப் போகாமல் ஆம்பூருக்குப் போனேன். என்னோடு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரின் மாமனார், ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அந்தப் பட்டறைக்கு வழி சொன்னார்.

நான் காலை பத்து மணிக்குப் போனேன். பட்டறை நடத்தும் பாய் என் காலைப் பார்த்துவிட்டு, "சாயந்திரம் வாங்க சார், இப்ப அளவு எடுத்தா பிறகு கடிக்கும்" என்று திருப்பி அனுப்பினார். நாள் முழுவதும் நின்று நடந்த பிறகு பாதம் சற்று வீங்கும் என்பதும், அந்த வீங்கிய பாதத்துக்குத்தான் காலணி அமைய வேண்டும் என்பதும் அவருடைய கணக்கு. மாலை ஐந்து மணிக்கு மீண்டும் போனபோது, தரையில் ஒரு பழுப்புத் தாளை விரித்து என்னை அதன்மேல் நிற்கச் சொன்னார். உட்கார்ந்துகொண்டு அளவு கொடுத்தால் பாதம் பரவாது என்றார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்தார். பிறகு துணி நாடாவால் விரல்மூட்டுகளின் குறுக்கே ஒரு சுற்று, மேற்பாதத்தின் வளைவில் ஒரு சுற்று, குதிகாலிலிருந்து கணுக்கால் மடிப்பு வரை சாய்வாக ஒரு சுற்று என்று அளந்து, ஒவ்வோர் எண்ணையும் அந்தந்த இடத்திலேயே தாளில் எழுதினார். வலது பாதம் இடதைவிட 4 மில்லிமீட்டர் நீளம். ஐம்பத்திரண்டு வயது வரை எனக்கே தெரியாத செய்தி அது. காலணியை மேலே வைத்துத் தைப்பதற்கான, பாத வடிவிலான மர அச்சின் பக்கவாட்டில் தோல் துண்டுகளை ஒட்டி, அரத்தால் தேய்த்து, என் முன்பாதத்தின் அகலத்துக்கு அதைக் கொண்டுவந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலது அச்சின் நுனியிலும் மெல்லிய துண்டு ஒன்றை ஒட்டினார்.

மேல்பாகம் 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தடிமன் கொண்ட மாட்டுத்தோல். மேல்பரப்பைச் செதுக்காத, எண்ணெய் ஏற்றிய தோல். கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் வெளுத்து, விட்டவுடன் மெல்ல நிறம் திரும்புகிறது. இது குரோம் முறையில், அதாவது குரோமிய உப்பைக் கொண்டு, பதனிட்டது. பாதம் படியும் உள்தோல் மட்டும் தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்டது; அது வியர்வையை உறிஞ்சி, சில வாரங்களில் பாதத்தின் வடிவத்துக்கே படிந்துவிடும் என்றார் பாய். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது நம் பக்கத்தின் பழைய கைத்தொழில். இன்றைய வேலையில் பெரும்பகுதி குரோமுக்கு மாறிவிட்டாலும் உள்தோலுக்கு அந்தப் பழைய முறையே சிறந்தது என்பதை என் கால் ஒப்புக்கொள்கிறது. அடிப்பாகம் ரப்பர். ஒட்டியதோடு விடாமல், ஓரத்தில் தோல் பட்டை வைத்துச் சுற்றிலும் தைத்திருக்கிறார்கள். ஆகவே, அடிப்பாகம் தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியது வைக்கலாம். ஒரு ஜோடியின் எடை சமையலறைத் தராசில் 1,380 கிராம்.

ஆம்பூர்த் தோல் என்று பெருமையோடு எழுதுகிற கை பாலாற்றை மறந்துவிட்டு எழுதக் கூடாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் இந்த ஆறும் இதன் கரையிலுள்ள கிணறுகளும் கெட்டதைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக உறுதிசெய்தது. தோல் எங்கிருந்து வருகிறது என்று பாயிடம் கேட்டேன். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த ஆலையிலிருந்து வாங்குவதாகச் சொல்லி, ரசீதை எடுத்துக் காட்டினார். வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் இதைக் கேட்க வேண்டும். கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பட்டறைக்காரரும் ஆலையிடம் கேட்பார்.

குறை ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாளில் தருவதாகச் சொன்னதை முப்பத்திரண்டாம் நாள்தான் தந்தார்கள். இடையில் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தும் பதில் இல்லை; இரண்டு முறை காட்பாடியிலிருந்து ரயிலேறிப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். பெரிய கம்பெனியின் அவசர வேலை வந்தால் தனி ஆர்டர்கள் பின்னால் தள்ளப்படுகின்றன. அவர்களுடைய பிழைப்பு அதில் இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால், தாமதமாகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் விடுப்பு மிச்சமாகியிருக்கும். பயணத்துக்காக வாங்குகிறவர்கள் குறைந்தது மூன்று மாதம் முன்பே அளவு கொடுத்துவிட வேண்டும்.

புதுத் தோல் முதல் பத்து நாள் விறைப்பாகத்தான் இருந்தது. காலை நேரங்களில் பாலமதி மலைச்சாலையில் ஏறி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்றுக்குள் இறங்கி, மணல் மிச்சமிருக்கும் இடங்களில் இரண்டு மணி நேரம் நடந்தேன். ஆறு முழுவதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அந்த முள் சைக்கிள் டயரில் இறங்கும், சாதாரணச் செருப்பைத் தாண்டி உள்ளங்காலைத் தைக்கும். இந்த பூட்ஸின் அடியில் ஒரு நாள் மட்டும் பதினோரு முள் ஏறி முறிந்து நின்றதை இடுக்கியால் பிடுங்கி எண்ணினேன். ஒன்றுகூட உள்தோலை எட்டவில்லை. மூன்றாம் வாரத்தில் விரல் மடியும் இடத்தில் தோலில் ஒரு மடிப்பு விழுந்து, அன்றிலிருந்து காலணி என் காலோடு ஒட்டிக்கொண்டது. இந்தப் பழக்கம் இல்லாமல் புது பூட்ஸோடு நேராகக் கேன்யனுக்குள் போயிருந்தால் இந்த மதிப்புரை வேறு மாதிரி இருந்திருக்கும். புறப்படுவதற்கு முன் ஆற்று மண் ஒரு துளியும் இல்லாமல் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். வெளிநாட்டு மண் ஒட்டிய காலணியை அமெரிக்காவின் விமான நிலையச் சோதனையில் கவனிப்பார்கள்.

முதல் நடை வயர் பாஸ் என்ற பாறை இடுக்கில். பேஜ் நகரத்துக்கும் கனாப் நகரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து தெற்கே போகும் மண்சாலையில் சுமார் 13 கிலோமீட்டர் உள்ளே போனால் நடை தொடங்கும் இடம் வருகிறது. மழை பெய்தால் அந்தச் சாலை களிமண்ணாகி வண்டிகள் சிக்கிக்கொள்ளும். நாங்கள் போன வாரம் மழை இல்லை. ஒரு நபருக்கு 6 டாலர் கட்டணம் செலுத்தி, ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு, நானும் தங்கையும் மாப்பிள்ளையும் காலை ஏழரைக்கு நடக்கத் தொடங்கினோம். முதல் ஒன்றரை கிலோமீட்டர் வறண்ட ஓடையின் மணல். நம் ஆற்றுமணலில் நடப்பதுபோல் இருக்கும் என்று நினைத்தேன், அது தவறு. பாலாற்று மணல் பருபருவென்று, மூலைகள் கொண்டது. மிதித்தால் ஒன்றோடொன்று கவ்வி ஓரளவு தாங்கும். அங்கேயுள்ள மணல் பாலைவனக் காற்றில் உருண்டு உருண்டு மழுங்கியது. சீனி போலப் பொலபொலவென்று காலுக்கடியில் நழுவுகிறது. உயரமான கழுத்தும் அகலமான அடியும் இருந்ததால் கணுக்கால் புரளவில்லை; ஓட்டப்பயிற்சி ஷூ போட்டிருந்த மாப்பிள்ளை அரை மணிக்கு ஒரு முறை உட்கார்ந்து மணலைக் கொட்ட வேண்டியிருந்தது.

ஆனால், என் பூட்ஸுக்குள்ளும் மணல் புகுந்தது, அதுவும் மேல்புறத்திலிருந்து. பூட்ஸின் நாக்குப் பகுதியை, அதாவது நாடாவுக்கு அடியில் இருக்கும் தோல் மடலை, இருபுறமும் உடலோடு சேர்த்து மூடித் தைக்காமல், சாதாரண ஷூவில் இருப்பதுபோலத் தனியாக விட்டிருந்தார்கள். அந்தப் பக்கவாட்டு இடைவெளி வழியே நுண்மணல் இறங்கி, மதியத்துக்குள் காலுறைக்கும் தோலுக்கும் நடுவே உப்புத்தாள் போல உராயத் தொடங்கிவிட்டது. இதில் பட்டறையைக் குறை சொல்வதைவிட, பாலைவன மணலில் நடக்கப்போகிறேன் என்று தெரிந்திருந்தும் அதைக் கேட்டுத் தைக்காத என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஓடை குறுகிக் குறுகி, திடீரென்று தோள் உரசும் இடுக்காகிறது. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே அடுப்பங்கரையின் மாலை வெளிச்சம். தலைக்கு மேலே, நான் கை நீட்டினாலும் எட்டாத உயரத்தில், இரு சுவர்களுக்கும் குறுக்கே மரக்கட்டைகள் சிக்கிக் கிடக்கின்றன. எந்த வெள்ளமோ அவற்றை அங்கே கொண்டுபோய்ச் செருகியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு வானத்தைப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்க மனம் வரவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நகரும் இடங்களில்தான் அளவெடுத்துத் தைத்ததன் அருமை தெரிந்தது. பாதம் முழுவதையும் சுவரில் பக்கவாட்டாகச் சாய்த்து அழுத்தும்போதும் குதிகால் உள்ளே துளியும் அசையவில்லை. ஓரிடத்தில் வழியை அடைத்துச் சிக்கிய பெரிய பாறை. அதைத் தாண்டி ஆளுயரத்துக்கு மேல் இறங்க வேண்டும். முதுகை ஒரு சுவரில் வைத்து, எதிர்ச்சுவரில் உள்ளங்காலை ஊன்றி, ஒவ்வொரு சாணாக இறங்கினேன். இந்த பூட்ஸின் அடியில் உள்ள பள்ளங்கள் ஆழம் குறைந்தவை, ரப்பர் மென்மையானது. ஆகவே, வறண்ட மணற்பாறையில் பல்லி போலப் பிடிக்கிறது. அதே பாறையின் மேல் ஒரு பிடி மணல் சிதறிக் கிடந்தால் அந்தப் பிடிப்பு அடியோடு போய்விடும். உருண்டை மணல் காலுக்கடியில் உருளை போல ஓடும். ஒரு சரிவில் அப்படி வழுக்கி, கை ஊன்றி நின்றேன். எந்தக் காலணிக்கும் அது பொருந்தும். மிதிப்பதற்கு முன் பாறையைக் காலால் பெருக்கிவிடும் பழக்கம் வந்த பிறகு வழுக்கவில்லை.

சுமார் 2.7 கிலோமீட்டரில் வயர் பாஸ் போய்ச் சேரும் இடம் பக்ஸ்கின் கல்ச். கூடும் இடத்தில் பாறைச்சுவரின் அடிப்பகுதியில் கொம்பு வளைந்த மலையாடுகளின் உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்துப் பாறை ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் கால் தானாக நின்றுவிடும். பக்ஸ்கின் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளம். உலகின் மிக நீளமான ஸ்லாட் கேன்யன்களில் ஒன்றாக மதிக்கப்படுவது. சுவர்கள் சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல். வெயில் அடிமட்டத்தைத் தொடுவதே அபூர்வம். ஆகவே, மழை நின்று வாரங்கள் கழிந்த பிறகும் உள்ளே சேறும் குட்டையும் காயாமல் நிற்கும். இங்கேதான் என் பூட்ஸ் தோற்றது.

முதல் குட்டை கணுக்கால் ஆழம். எண்ணெய்த் தோல் தாங்கியது. இரண்டாவது முழங்கால் ஆழம். உறைந்துபோகும் குளிர்ந்த நீர். அடியில் கால் வைத்தால் உறிஞ்சும் சேறு. மேலே நுழைந்த நீர் வெளியேற வழியில்லை, தோல் பூட்ஸில் வடிகால் துளை கிடையாது. ஒவ்வோர் அடியும் ஒரு குடம் நீரைத் தூக்கி வைப்பதுபோல் ஆகிவிட்டது. அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். வண்டிக்கு வந்து கழற்றியபோது வலது பூட்ஸில் மேலிருந்து இரண்டாவது பித்தளைக் கொக்கியின் ஆணி பிடுங்கிக்கொண்டு தொங்கியது. பாதத்தின் உட்புறம், சுவரில் ஊன்றிய இடத்தில், ஒற்றை வரிசைத் தையல் நூல் பஞ்சு போல நைந்திருந்தது. பக்கத்துத் தோலுக்கோ கீறல்தான், கிழிசல் இல்லை. அன்றிரவு விடுதியில் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வைத்து, மூன்று முறை தாள் மாற்றினேன். ஹீட்டருக்கு அருகில் வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும் என்று பாய் எச்சரித்திருந்தார். முழுதாகக் காய இரண்டு இரவு ஒரு பகல் ஆயிற்று. காய்ந்தபோது இடது உள்தோலின் பசை குதிகால் பக்கம் விட்டிருந்தது. இதே தண்ணீரில் மாப்பிள்ளையின் மெல்லிய வலைத்துணி ஷூ இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

பேஜ் நகரத்துக்கு அருகில், அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்தில் உள்ள ஆன்டெலோப் கேன்யனின் கீழ்ப்பகுதிக்கு மறுநாள் வேறு ஷூவோடுதான் போனேன். அங்கே வழிகாட்டியோடுதான் போக முடியும். இரும்பு ஏணிப்படிகள் போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரச் சிறு நடை. பூட்ஸ் அங்கே தேவையே இல்லை. அந்த ஏணிகள் வந்த காரணம்தான் மனத்தில் நின்றது. 1997 ஆகஸ்ட் 12 அன்று பல கிலோமீட்டர் தள்ளி மேட்டுநிலத்தில் பெய்த மழையின் வெள்ளம் திடீரென்று இந்த இடுக்குக்குள் பாய்ந்து பதினோரு சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகுதான் பாறையில் முடுக்கிய இரும்புப் படிகளும் எச்சரிக்கை ஏற்பாடுகளும் வந்தன. பாலாற்றுக் கரையில் வாழ்பவர்களுக்கு இது புரியாத செய்தி அன்று. 2021 நவம்பரில் ஆண்டுக்கணக்காக வறண்டு கிடந்த நம் ஆற்றில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதைப் பாலத்தில் நின்று பார்த்தோமே, மேலே எங்கோ பெய்த மழைதானே அது. ஆற்றுக்குக் கரையேறி ஓட இடமுண்டு. இடுக்குக்குள் அது இல்லை. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே இடிமழைப் பருவம். எவ்வளவு நல்ல பூட்ஸ் போட்டிருந்தாலும் அந்த மாதங்களில், மழை அறிவிப்பு இருக்கும் நாளில், உள்ளே கால் வைக்கக் கூடாது.

சயான் தேசியப் பூங்காவின் நேரோஸ் கடைசி நாள். அங்கே பாதை என்பதே வர்ஜின் ஆறுதான். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆற்றுக்குள்ளேயே உருளைக்கற்களின் மேல் நடக்க வேண்டும். இதற்கு என் பூட்ஸை எடுத்துக்கொண்டு போகவே இல்லை. பூங்கா வாசலில் உள்ள ஊரில் நீர்நடைக் காலணி, நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன காலுறை, நீண்ட கைத்தடி மூன்றையும் வாடகைக்குத் தருகிறார்கள். அந்தக் காலணியின் பக்கங்களில் துளைகள் உள்ளன. காலை எடுத்தவுடன் நீர் வடிந்துவிடும். காலுறை, புகுந்த நீரைப் பாதத்தின் சூட்டிலேயே வெதுவெதுப்பாக வைத்துக்கொள்கிறது. ஐந்து மணி நேரம் ஆற்றுக்குள் நடந்தும் விரல்கள் மரத்துப் போகவில்லை. அகலம் மட்டும் வழக்கம்போல இறுக்கியது. இந்த வேலைக்கு இந்தக் காலணி, அந்த வேலைக்கு அந்தக் காலணி. ஒரே ஜோடி எல்லாவற்றுக்கும் உதவும் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

ஊர் திரும்பிய மறுவாரம் பூட்ஸை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போனேன். பாய் அதை விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நைந்த தையலில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு உள்தோலைத் தூக்கி, பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டு தட்டினார். அத்தனை நாள் ஒளிந்திருந்த சிவந்த மணல் ஒரு சிட்டிகை தாளில் விழுந்தது. இரண்டு விரலால் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "மாவு மாதிரி இருக்கு சார், இது எந்தத் தையலுக்குள்ளயும் பூந்துடும்" என்றார். அவர் வாழ்நாள் முழுவதும் எங்கெங்கோ இருக்கும் நாடுகளுக்கு ஷூ தைத்து அனுப்பியவர். தான் தைத்த ஒன்று அங்கே நடந்து திரும்பி வந்து அவர் கைக்கு வந்தது அதுவே முதல் முறை என்று சொன்னார். அந்த மணலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாக்கின் இருபுறமும் மெல்லிய ஆட்டுத்தோலால் மடிப்பு வைத்து மூடித் தைத்தார்; உட்புறத் தையலை இரட்டை வரிசையாக்கினார்; உள்தோலை மீண்டும் ஒட்டினார்; கொக்கியை மாற்றினார். எல்லாம் சேர்த்து நான்கு நாள், இந்த முறை சொன்ன தேதியில். கொக்கிக்கும் ஆட்டுத்தோலுக்கும் மட்டும் 250 ரூபாய் வாங்கினார். தையல் கூலி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். கடையில் வாங்கிய பூட்ஸின் தையல் நைந்தால் அதை யாரிடம் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே முன்பு நான்கு முறை எடுக்கப்படாத தொலைபேசியை மன்னித்துவிட்டேன்.

யாருக்கு இதைச் சொல்வேன் என்றால், ஜவ்வாது மலை, ஏலகிரி போன்ற இடங்களில் அடிக்கடி நடக்கிறவர்களுக்கும், முன்பாதம் அகலமாக இருந்து கடைக் காலணிகளால் அவதிப்படுகிறவர்களுக்கும், வறண்ட பாலைநிலக் கேன்யன்களுக்குப் போகிறவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். மழைக்காலத்தில் ஓடைகளைக் கடந்து நடப்பவர்களுக்கும், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடப்பவர்களுக்கும் இது வேண்டாம். அணியாமல் வைத்தால் தோல் விறைத்துவிடும், மாதம் ஒரு முறையாவது எண்ணெய் தடவ வேண்டும். அளவு கொடுக்கும்போது மாலையில் போங்கள், நடக்கும்போது போடப்போகும் தடித்த காலுறையையே போட்டுக்கொண்டு போங்கள். நாக்கை மூடித் தைக்கச் சொல்லுங்கள். உட்புறத்துக்கு இரட்டைத் தையல் கேளுங்கள். மேலே திறந்த கொக்கிக்குப் பதிலாக மூடிய வளையம் வைக்கச் சொல்லுங்கள், அவிழ்க்க நேரமாகும், ஆனால் பாறையில் மாட்டிப் பிடுங்காது. என் தங்கையின் பாதம் வரைந்த தாள் போன வாரம் தபாலில் வந்து சேர்ந்தது. அவளுக்கும் வலது கால்தான் நீளம். மாலையில், நின்றபடியே வரைந்ததுதானா என்று தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த பிறகு, தாளைக் கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன்.